பூவைத் தவிர எல்லாம் நீலம்

"சாப்டீங்களாக்கா?"ன்னு பக்கத்து வீட்டு அக்காவக் கேட்டா, "இந்தத் தடவ வாங்குன அரிசி புதுசு போல, குழைஞ்சு போகுது"ம்பாங்க. சாப்பிட்டாச்சுன்னு அதுல இருந்து நாமளே புரிஞ்சுக்கிறணும். மருமக எங்கன்னு கேட்டா, வாசல்ல செருப்பக் காணோம்பாங்க. தலைவலி எப்படி இருக்குன்னு கேட்டா, தைலம் தீந்து போச்சும்பாங்க. எனக்குப் பொறுமை கிடையாது. ஸ்டேஷனரிக் கடையில நாளு முச்சூடும் நின்னு வியாபாரம் பாக்குறவ நான். "யக்கா, ஆமா இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதுந்துரும்?"னு வைவேன். சிரிப்பாங்க. சிரிச்சுட்டு, "ஒன் ஜாக்கெட்டுத் தோள்ல தையல் விட்டிருக்கு பாரு ஏத்தா"ம்பாங்க.

புருஷன் செத்த கதைய எங்கிட்டச் சொன்னது ஒரே ஒரு தடவை. அதுலயும் செத்தாருங்கிற சொல்லு வரவே இல்ல. அன்னைக்கு யாரோ காப்பியில சீனி போடாமக் குடுத்துட்டாங்களாம். பந்தல் போட வந்தவன் கயிறு பத்தலன்னு நின்னானாம். பக்கத்து வீட்டுக்காரி நெல்லு காயப் போட்டவ அப்படியே போட்டுட்டு ஓடியாந்தாளாம், அம்புட்டையும் கோழி கிண்டிருச்சாம். நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். அவரைப் பத்தி ஒரு பேச்சும் இல்ல. ஆனா கடைசியில எனக்குத்தான் அழுகை வந்துச்சு.

திண்டுக்கல்ல நாங்க குடியிருந்த லைன் வீட்டுல என் வீட்டுக்கு அடுத்த கதவு அவங்களுது. மகன், மருமகளோட இருந்தாங்க. அவங்களுக்கு அப்ப அறுபத்தஞ்சு வயசு இருக்கும். சொந்த ஊரு சின்னாளபட்டி. அந்தப் பக்கத்துப் பொம்பளைங்க நெறையப் பேரு மாதிரி எட்டு வயசுல இருந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுக் கட்டுனவங்க. அந்தத் தொழிலப் பத்தி அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் அகரத்துக்காரி. எங்க வீட்டுல கத்திரிக்காயும் வெண்டக்காயும் போடுற வெவசாயம்தான். சுங்குடிச் சேலை உடுத்தத் தெரியும், அந்தப் பூவு எப்படி வருதுன்னு யோசிச்சதே இல்ல.

அவங்களுக்கு ஒரே ஒரு ஆசைதான். சின்னாளபட்டி வீட்டுக்குத் திரும்பப் போகணும், தனியாப் பொங்கித் தின்னுக்கிட்டு அங்கயே இருக்கணும். அதையும் வாய் விட்டுச் சொன்னது இல்ல. "அங்கிட்டு முருங்க பூத்திருக்கும் இந்நேரம்"பாங்க. "பூட்டுக்கு எண்ண விட்டு எம்புட்டு நாளாச்சோ"ம்பாங்க. லைன் வீட்டுல ஏழு குடித்தனத்துக்கும் அது தெரியும். அந்த வருஷம் மகனுக்கு ஓசூருக்கு மாத்தலாச்சு. பேரனுக்குப் பரீட்சை முடிஞ்சதும் கிளம்பணும். அம்மாவ வாங்கன்னு கூப்பிட்டான். "அந்த ஊர்ல குளிரு எலும்புக்குள்ள ஏறுமாமே"ன்னாங்க. வர மாட்டேன்னு அர்த்தம்.

மகனும் மொதல்ல ஒத்துக்கிட்டான். அவனைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அதையும் சொல்லிரணும். "சரிம்மா. ஆனா நீங்க தூங்க மாட்டேங்கிறீங்க, செவுத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கீங்க. ஒரு டாக்டர்கிட்டக் காட்டுவோம். நல்லாருக்காங்கன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், நானே கொண்டு போயி விட்டுட்டு வாரேன்"னான். நானும் அங்கதான் நின்னேன். டாக்டர் மொதத் தடவை பாத்துட்டு, மனசு அலையுது, கைக்கு ஏதாவது வேலை குடுங்க, கலரடிக்கிற மாதிரி, ரெண்டு மாசம் கழிச்சு அதையும் எடுத்துக்கிட்டுக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்புனாரு.

மகன் நேரா எங்கிட்டத்தான் வந்தான். "சித்தி, ஒங்க கடையில பெரியவங்க கலரடிக்கிற புக்கு இருக்குல்ல?"

இருக்காவா! அந்த ஊர்ல அதைப் பத்தி என்னைய விட்டா யாருக்குத் தெரியும்னு எனக்கு ஒரு கர்வம். மொதலாளி ஒரு தடவை கட்டுக்கட்டா வாங்கிப் போட்டாரு. அட்டையில கண்ண மூடிக்கிட்டு ஒரு வெள்ளக்காரி. ஒருத்தரும் வாங்கல. எனக்கு பிரஷரு வந்து மாத்திரை ஆரம்பிச்ச நேரம் அது. மத்தியானம் கடை பூட்டுற மூணு மணி நேரத்துல சும்மா ஒண்ணு எடுத்துக் கலரடிச்சுப் பாத்தேன். அப்படியே பிடிச்சுக்கிட்டேன். மெழுகுக் கலரு, ஜெல் பேனா, தண்ணி தொட்டா கரையுற பென்சிலு, தூரிகை மாதிரி நுனி இருக்குற பேனான்னு கடையில இருக்குற ஒண்ணையும் விடல. எந்தத் தாளு மை உறிஞ்சும், எந்தப் பென்சிலு சீவுனா ஒடியும், எல்லாம் அத்துப்படி. மயிலு, மீனு, வட்ட வட்டமாப் பூக்கோலம்னு அடிச்சுத் தள்ளுனேன். கோட்டுக்கு வெளிய ஒரு பொட்டு போகாது. பிரஷரு எறங்குச்சோ இல்லையோ, கோவம் கொறைஞ்சுச்சுன்னு எம்புருஷன் சொன்னாரு.

அதனால ஒரு புக்கும் நாப்பத்தெட்டுக் கலரு டப்பாவும் எடுத்துக்கிட்டு, மத்தியானம் மத்தியானம் அந்தக்கா வீட்டுல போயி உக்காந்தேன். டப்பாவத் தொறந்ததும் பென்சிலையெல்லாம் தரையில பரப்புனாங்க. வெரலாலயே தள்ளித் தள்ளிப் பிரிச்சாங்க. ஆறு பென்சில ஒதுக்கி வச்சுட்டு, "இது ஆறும் ஒரே கலரு. கம்பெனிக்காரன் ஏமாத்துறான் ஏத்தா"ன்னாங்க. நான் வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன், வேற வேற பேரு போட்டிருக்கு. தாள்ல கிறுக்கிப் பாத்தா அவங்க சொன்னதுதான் சரி. நான் மூணு வருஷமா அந்த டப்பாவ விக்கிறேன், எனக்குத் தெரியல. ஒவ்வொண்ணுக்கும் அவங்களே பேரு வச்சாங்க. இது வெங்காயத் தோலு, இது வாடாமல்லி, இது மயில் கழுத்துல வெயிலு படாத பக்கம். தூரிகைப் பேனாவ ஒரு இழு இழுத்துப் பாத்துட்டு, "ஊறுது. இது ஆகாது"ன்னு மூடி வச்சுட்டாங்க.

மொதப் பக்கம் தாமரை. நான் எம்பாட்டுக்கு என் மீனுக்குச் செதிலு அடிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழிச்சு நிமுந்து பாத்தா, தாமரை வெள்ளையா கிடக்கு. அதைச் சுத்தித் தாளோட ஓரம் வரைக்கும், நாலு மூலையிலயும், முழுக்க நீலம். ரெண்டு பென்சில மேல மேல தேச்சு உண்டாக்குன நீலம். ஒரு கோடு தெரியல, ஒரு திட்டுத் தெரியல. இப்ப நெனச்சுப் பாத்தா, அம்மாடி, அது என்ன நீலம்! ஆனா அன்னைக்கு எனக்கு அது கண்ணுல படல. பூ வெறுமையாக் கிடந்ததுதான் பட்டுச்சு.

"யக்கா, பூவுக்குல்ல அடிக்கணும்!"

"பூவு அங்கனதான இருக்கு"ன்னாங்க.

ரெண்டாவது பக்கம் மயிலு. மயிலு வெள்ளை, சுத்தி அரக்கு. மூணாவது ஒரு பொம்பள மொகம். மொகம் வெள்ளை, மிச்சமெல்லாம் மஞ்சளு. பக்கத்துக்கு ஒரே நெறம். பென்சிலு கட்டையாத் தேய்ஞ்சுரும், அந்த ஒத்தப் பென்சில மட்டும் வாங்கிட்டு வரச் சொல்லுவாங்க. எனக்குச் சிரிப்புத் தாங்கல. புக்க எடுத்துக்கிட்டுப் போயி மருமககிட்டக் காட்டுனேன். "பாத்தியா ஒங்க மாமியா வேலைய, கல்யாண வீட்டுக்குப் போயி மாப்பிள்ளைய விட்டுட்டுப் பந்தலப் போட்டோ எடுத்த கதையா இருக்கு"ன்னேன். ரெண்டு பேரும் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். லைன் வீடு முழுக்கக் காட்டுனேன். செல்லுல பிடிச்சுக் கடை குரூப்ல போட்டேன். பாவி, என் வாய்க்கு ஒரு பூட்டு இல்லாமப் போச்சு.

ரெண்டு மாசம் ஆச்சு. மறுபடி டாக்டரு. ஆட்டோவுல அந்தக்காவுக்குத் துணையா நானும் போனேன். கிளம்புறப்ப அவங்க நல்ல சேலையா எடுத்துக் கட்டியிருந்தாங்க. ஊருக்குக் கொண்டு போற பெரிய பைய எடுத்து, ஒதறி, ஆணியில மாட்டிட்டுத்தான் வந்தாங்க. டாக்டர் நல்லவரா கெட்டவரான்னு எனக்குத் தெரியல. வெளிய பன்னெண்டு பேரு உக்காந்திருந்தாங்க, அவருக்கு அவசரம்.

"இன்னைக்கு என்ன கிழமைம்மா?"

"பூ மார்க்கெட்டுப் பக்கம் வந்தோம், கூட்டம் தாங்கல. நாளைக்கு முகூர்த்தம் போல."

"கிழமையக் கேட்டேன்."

"வெள்ளிக்கிழம மொகூர்த்தம்னா மல்லிகை வெலை ஏறத்தான செய்யும்."

அன்னைக்கு வியாழன். அந்தக்கா சொன்னதுல அந்தப் பதிலு இருக்கு. எனக்குக் கேட்டுச்சு, அவருக்குக் கேக்கல. புக்க வாங்கிப் பொரட்டுனாரு. ஒரு பக்கத்துல நிறுத்தி, "பூவுக்கு ஏம்மா கலரடிக்கல?"ன்னாரு.

"அதுக்குத் தண்ணி நெறைய வேணும். வெயிலும் வேணும்"னாங்க.

டாக்டர் மகனைப் பாத்தாரு. மகன் செவுத்துல இருந்த காலண்டரைப் பாத்துக்கிட்டிருந்தான். அந்த நேரத்துல நான் சும்மா இருந்திருக்கலாம். பெரிய கலரு வாத்தியாரம்மா பாருங்க, "எல்லாப் பக்கமும் இப்படித்தான் டாக்டர். நானும் எம்புட்டோ சொல்லிக் குடுத்துப் பாத்துட்டேன், மண்டையில ஏறல"ன்னேன். அவரு தலைய ஆட்டிக்கிட்டு எழுதுனாரு. மறதி நோய்க்கு ஆரம்பம், தனியா விடக் கூடாது, ரெண்டு மாத்திரை.

வீட்டுக்கு வந்ததும் மகன் சொன்னான், "டாக்டரு வேணாங்கிறாரும்மா"ன்னு. அந்தக்கா ஆணியில இருந்து பைய எடுத்து மடியில வச்சுக்கிட்டு, "ஜிப்பு போயிருச்சு இதுல"ன்னாங்க. 

மறுநா மத்தியானம் எனக்கு ஆத்திரம். யாரு மேலன்னு தெரியாம அவங்க மேலயே காட்டுனேன். "ஒரே ஒரு பூவுக்குச் செவப்பு அடிச்சிருந்தா இந்நேரம் ஊருல இருந்திருப்பீங்கள்ல. ஏங்க்கா, ஏன்? அதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க பாப்போம்."

அவங்க நேரா பதிலு சொன்னது அன்னைக்குத்தான். முந்தானையில துளியூண்டு துணிய நகத்தால கிள்ளி எடுத்து, நூலப் பல்லுல கடிச்சு ஒரு முடிச்சுப் போட்டாங்க. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள வரிசையா ஏழெட்டு.

"இதுதான் பூவு. இப்படிக் கட்டித்தான் சாயத்துல முக்குறது. சுத்தி அம்புட்டும் சாயம் ஏறும், கட்டுக்குள்ள ஏறாது. தண்ணியில அலசி, வெயில்ல காயவச்சுப் பிரிச்சா பூவு வெள்ளையா நிக்கும். கட்டுக்குள்ள சாயம் போச்சுன்னா சேலை போச்சு, கூலியும் போச்சு. கோடு போட்டு நடுவுல வெள்ளையா ஒண்ணு இருந்தா, அது கட்டுன பூவுதான் ஏத்தா. அதுல போயி கலரப் பூசுன்னு நீ சொல்லுறப்பல்லாம் எனக்கு ஒடம்பு கூசுது."

அவங்க தப்பாவே ஒண்ணும் செய்யல. அம்பது வருஷம் கை படிச்ச படிப்ப அந்தத் தாள்ல சரியாச் செஞ்சு வச்சிருக்காங்க. நாங்கதான் அதை மறதி நோய்னு எழுத வச்சிருக்கோம். அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.

"அழுவாத. இதை அவங்கிட்டச் சொல்லு"ன்னாங்க. "நான் சொன்னா எனக்காக நானே சொல்லிக்கிறதா ஆயிரும். நீ சொல்லு. எம்புள்ளைக்குப் புரியும்."

சாயங்காலம் அவன் வண்டிய நிறுத்துறதுக்குள்ள ஓடுனேன். மூச்சு வாங்கச் சொன்னேன், முடிச்சு, சாயம், வெள்ளைப் பூவு எல்லாத்தையும். அவன் ஹெல்மெட்டக் கழட்டாம நின்னான்.

"தெரியும் சித்தி"ன்னான்.

"என்னடா தெரியும்?"

"நான் பொறந்ததே அந்த முடிச்சுக்கு நடுவுலதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டுப் பிரிக்கிறது என் வேலை. சேலையோட ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் நானு. இழுத்தா படபடன்னு தெறிக்கும். அந்த மொதப் பக்கத்தப் பாத்ததுமே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன்டா டாக்டருகிட்ட வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்த?"

வண்டிய ஸ்டாண்டு போட்டு நிறுத்துனான். பெறகு சொன்னான்: "போன ஆடியில பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க. நாளைக்குத் தனி வீட்டுல விழுந்து கெடந்தா யாரு பாப்பா? நல்லா இருக்குற தாயத் தனியா விட்டுட்டுப் பொண்டாட்டியோட ஓசூரு போயிட்டான்னு சின்னாளபட்டியே என்னையக் காறித் துப்பும். சீக்குன்னா, முதியோர் ஹோம்ல வச்சுப் பாத்துக்கிறான்னு சொல்லுவாங்க. அவங்க ஓசூருக்கும் வர மாட்டாங்க. நான் என்ன செய்ய?"

ஹெல்மெட்டுக்குள்ள அவன் கண்ணு கலங்கியிருந்துச்சு. அதுதான் எனக்கு இன்னைக்கும் ஆத்தாமையா இருக்கு. கல்நெஞ்சுக்காரனா இருந்திருந்தா நாலு வார்த்தை வஞ்சுட்டு வந்திருப்பேன். நான் திரும்புறப்ப, "நீங்களும்தான சித்தி டாக்டருகிட்டச் சொன்னீங்க"ன்னான். 

நான் டாக்டருகிட்டயும் போனேன். டோக்கன் வாங்கி உக்காந்தேன். முன்னாடி இருந்த பொண்ணு, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டுச்சு. பக்கத்து வீடுன்னேன். மகனைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிருச்சு. சுத்திச் சுத்தி நான் எங்க போனாலும் அந்த மகன்கிட்டத்தான் வந்து நிக்க வேண்டியிருந்துச்சு.

பரீட்சை முடிஞ்சு மகனும் மருமகளும் ஓசூரு போனாங்க. அந்தக்காவ ஒட்டன்சத்திரம் போற வழியில இருக்குற ஒரு ஹோம்ல விட்டாங்க. சுத்தமான எடம்தான், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. நான் ஞாயித்துக்கிழமைகள்ல பஸ் ஏறிப் போவேன். மொதத் தடவை புது புக்கும் பென்சிலும் கொண்டு போனேன். கையால தொடல. ஏதோ சுடுற பாத்திரத்தத் தள்ளுற மாதிரி என் பக்கமே தள்ளி விட்டாங்க. "கலரு தப்பாப் போச்சுன்னா இன்னும் எம்புட்டு நாளு வைப்பாங்களோ"ன்னாங்க. மனசு லேசாகுறதுக்குன்னு நான் கொண்டு போயிக் குடுத்த பொருளப் பாத்து அந்தக்கா பயந்துட்டாங்க. அன்னையோட நானும் கலரடிக்கிறத விட்டேன். கடையில யாராவது அந்த புக்கக் கேட்டா எடுத்துக் குடுப்பேன், நல்லதுன்னும் சொல்றதில்ல, கெட்டதுன்னும் சொல்றதில்ல.

ஹோமுக்குப் போன பெறகு அவங்க பேச்சு மாறிப் போச்சு. சுத்தி வளைக்கிறதெல்லாம் இல்ல. என் தலையக் கண்டதும் ஒரே கேள்வி.

"அவங்கிட்டச் சொன்னியா?"

நான் என்ன சொல்லுவேன்? சொன்னேன்னு சொன்னா, அப்புறம் ஏன் வரலன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன பதிலு? ஒங்க மகனுக்கு மொத நாளே தெரியும்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? ஊரெல்லாம் பேசித் தீத்த இந்த வாய் அதுக்கு மட்டும் தொறக்கல. "இல்லக்கா, இன்னும் பாக்கல"ன்னேன். அடுத்த தடவை, போன் எடுக்கலன்னேன். அதுக்கு அடுத்த தடவை வேற ஒண்ணும் தோணாம, "மறந்துட்டேங்க்கா"ன்னு சொல்லிட்டேன்.

அந்தக்கா என்னைய உத்துப் பாத்தாங்க. மாத்திரைக்குக் கண்ணு சொருகுது, வலிஞ்சு தொறந்து வச்சுக்கிட்டுப் பாத்தாங்க.

"மறதி எனக்குங்கிறாங்க. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஒனக்கு எம்புட்டு நாளு? எம்புள்ளைக்கு விசயம் தெரிஞ்சா அன்னைக்கே ஓடியாந்து கூட்டிட்டுப் போயிருப்பான். நீதான்டி என்னைய இங்க போட்டு வச்சிருக்க."

அவங்க என்னைய 'டி' போட்டுப் பேசுனது அதுதான் மொதத் தடவை. ஒரு நிமிஷம் நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு, எல்லாத்தையும் கொட்டிரலாமான்னு. கொட்டல. "ஆமாக்கா, என் தப்புதான்"னேன். அது பொய்யும் இல்ல.

அடுத்த ஞாயிறு போனப்ப, வாசல்லயே அங்க வேலை பாக்குற பொண்ணு நிறுத்திருச்சு. அந்தப் பக்கத்துப் பொண்ணு, மரியாதையாத்தான் பேசுச்சு. "ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. உங்கள உள்ள விட வேண்டாமுன்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க. உங்க மேல அம்புட்டுக் கோவமுங்க."

"மத்தபடி எப்படி இருக்காங்க? சாப்பிடுறாங்களா?"

"அதெல்லாம் சாப்பிட்டுக்கிறாங்க. மகன் வந்தாச் சரியாப் போயிரும், அவனுக்கு இன்னும் விசயம் தெரியாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்காங்க. என்ன விசயமுங்க அது? மகனுக்கு நெசமாவே தெரியாதுங்களா?"

அவனுக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.